அப்பாரோட 207: எடைக்குப் போடவா, ஏத்தி ஓட்டவா?

பிப்ரவரி 3, 2024
(ஊர்ல சும்மா நிக்கிற அப்பாரோட, அதாவது எங்க தாத்தாவோட, டாட்டாமொபைல் 207 பிக்கப்பைச் சரி பண்ணி ஓட்டப் போறேன்னு சொன்னதுக்கு வாசகர் ஒருத்தர் எழுதினது)

"1996 மாடல் டீசல் பிக்கப்புக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணப் போறேங்கிறீங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். 15 வருஷம் தாண்டின வண்டியை எப்படியும் ரோட்டுல விடமாட்டாங்க. எடைக்குப் போட்டுட்டு, வர்ற காசை முன்பணமாக் கட்டி ஒரு குட்டி யானை (டாட்டா ஏஸ்) எடுங்க. தாத்தா ஞாபகத்துக்கு வேணும்னா ஸ்டியரிங்கைக் கழட்டி வீட்டுல மாட்டிக்கங்க."

பிப்ரவரி 3, இரவு

ஸ்டியரிங்கை வீட்டுல மாட்டுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. மிச்ச வண்டியும் அதோட ஒட்டிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

15 வருஷக் கதைக்கு வர்றேன். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம்ங்கிற கெடு டெல்லிக்கும் அதைச் சுத்தின பகுதிக்கும். பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல போட்டது, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2023 ஏப்ரல் 1-லிருந்து 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டிகளைக் கழிச்சுக் கட்டுறாங்க. இது ரெண்டும் டீக்கடையில ஒண்ணாக் கலந்து "பழைய டீசல் எல்லாம் ஒழிஞ்சுது"ன்னு ஆகிப்போச்சு. நம்ம ஊர்ல சரக்கு வண்டிக்கு 8 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்சி (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு சான்று) காட்டணும். பாஸானா ஓடலாம். பாஸ் ஆகுமாங்கிறதுதான் இங்க கேள்வி.

வண்டி டாட்டாமொபைல் 207. அப்பாரு புதுசா எடுத்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கை. பாச்சலூர் மேலயிருந்து மலைவாழைத் தாரு. கொஞ்ச காலம் பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்கான பழமும் இதுலதான் போச்சு. அப்பாருக்கு அப்புறம் சித்தப்பா ஓட்டினாரு. அவருக்கு முட்டி போனதும் மாட்டுக் கொட்டகை ஓரமா நின்னுருச்சு. நான் இருக்கிறது கோயமுத்தூர். சனி ஞாயிறுதான் ஊருக்கு வந்து வேலை பார்க்க முடியும். அதனால இது இழுக்கும், முன்னாடியே சொல்லிடுறேன்.

பிப்ரவரி 4, 2024

எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு கேட்டவருக்காக: பழைய இரும்புக்காரர் 60,000 சொன்னாரு. நான் பேசாம நின்னதும் 65 ஆச்சு. அப்பத்தா உள்ளயிருந்து "யாருடா அது"ன்னு ஒரு சத்தம் விட்டுச்சு. மனுசன் டீ கூடக் குடிக்காமப் போயிட்டாரு.

பிப்ரவரி 18, 2024

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி பேப்பரை எடுங்க. வீட்டு வண்டியைச் சரி பண்ண நினைக்கிற எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். எஞ்சின் வேலை எல்லாம் முடிஞ்சு, பெயிண்ட் காஞ்சு, அப்புறம் ஆர்சி (பதிவுச் சான்று) செத்துப்போனவர் பேர்ல இருக்குன்னு விழிக்கிறவங்க நிறைய.

சொந்தக்காரர் இறந்தா 30 நாளைக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும். 3 மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்துப் பேரை மாத்தணும். விற்கும்போது போடுற 29, 30 இதுக்கு ஆகாது. எங்க அப்பாரு 2015-ல போனாரு. சித்தப்பா அதுக்கப்புறமும் அவர் பேர்லயே வருஷக்கணக்கா ஓட்டியிருக்காரு. கேட்டா, "எங்கப்பன் வண்டிய நான் ஓட்ட எவன்டா கேப்பான்?"

இப்ப தாமதத்துக்கு அபராதம், இறப்புச் சான்று, தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்து. வாரிசுன்னா அப்பத்தா, அப்பா, சித்தப்பா, அத்தை. அத்தையை எல்லாரும் மறந்துட்டாங்க. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடா லாரி விவகாரம்"னு சித்தப்பா சொன்னது போன்ல அத்தை காதுல விழுந்துருச்சு. அடுத்த வாரமே திருப்பூர்லயிருந்து நேர்ல வந்துட்டாங்க.

கையெழுத்து போட மாட்டேன்னு அத்தை சொல்லல. "எனக்கு இரும்புல பங்கு வேண்டாம். இத்தனை வருஷத்துல எங்கப்பா என்னைய முன் சீட்டுல உக்கார வெச்சதே இல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு முன் சீட்டுலதான் போவேன். எழுதிக் குடு"ன்னாங்க. எழுதிக் கொடுத்திருக்கேன். படிவம் 31-ல அதுக்குக் கட்டம் இல்ல.

மார்ச் 10, 2024

வண்டியை வெளிய இழுத்தாச்சு. டிராக்டர்ல கயிறு கட்டி. பின்சக்கரம் ஒண்ணு சுத்தவே இல்ல, மண்ணுல கோடு கிழிச்சுக்கிட்டே வந்துச்சு. டிரம்முக்குள்ள வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. நாலு சக்கரத்துக்கும் புதுசு போடணும்.

டயரைப் பார்த்து "பட்டன் நல்லா இருக்கே தம்பி, ஓட்டு"ன்னு எதிர்வீட்டு மாமா சொன்னாரு. டயர் பக்கவாட்டுல ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்களோடது 3612. 2012-ல 36-வது வாரம். பட்டனுக்கு நடுவுல விரலை வெச்சு விரிச்சா உள்ள நூல் நூலா வெடிப்பு. மலையிறங்குற வண்டிக்கு இது ஆகாது. அஞ்சும் மாத்தணும்.

எலியைப் பத்தி எழுதினா அதுவே தனிக் கதையாப் போயிரும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி தேங்காநார், துணி, ஒரு ரேஷன் கார்டு உறை. ஒயரிங் ஒரு முழம் கூட முழுசா இல்ல.

மார்ச் 11, 2024

எலிக்கு அந்துருண்டை, புகையிலை, வசம்புன்னு யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. அந்துருண்டை ஏற்கனவே அங்க இருந்துச்சு. அதை நகர்த்தி ஓரமா வெச்சுட்டுத்தான் கூடு கட்டியிருக்கு.

மார்ச் 31, 2024

டிங்கர் அண்ணன் வந்து பார்த்தாரு. கையில ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர். பின்னாடி சரக்கு ஏத்துற தொட்டியோட தரையில தட்டிக்கிட்டே வந்தாரு. 'ணங்'னு கேட்ட இடத்தை விட்டுட்டு, 'தொப்'னு கேட்ட இடத்துல எல்லாம் குத்தினாரு. குத்தின இடமெல்லாம் உள்ள போச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா இடியாப்பத் தட்டு.

மழைத்தண்ணி அரிச்சதுன்னு நான் நினைச்சிருந்தேன். அவர் சொன்னாரு, "தண்ணி இப்படித் திங்காது. தக்காளி." நசுங்கின தக்காளிச் சாறு பெட்டிக்கு அடியில ஊறி ஊறி, புளிப்பு இரும்பைத் தின்னுருக்கு. வாழைத்தாரு ஏத்துன முன்பக்கம் கறை கறையாக் கறுத்திருக்கே தவிர ஓட்டை கம்மி. தக்காளிப் பெட்டி அடுக்குற பின்பக்கம்தான் பாழ். எந்த மூலையில எந்தச் சரக்கு போச்சுன்னு துருவே சொல்லுது.

முடிவு: பழைய தகட்டுக்கு மேல ஒட்டுப் போடுறது இல்ல. தரை முழுசா வெட்டி எடுத்துட்டு செக்கர் பிளேட் (வழுக்காம இருக்க மேடு வெச்ச இரும்புத் தகடு). தண்ணி வடிய மூலைக்கு ஒரு ஓட்டை. தக்காளி ஏத்தினா அன்னிக்கே கழுவணும். அவர் அதை மூணு தடவை சொன்னாரு, நான் ஒரு தடவை எழுதுறேன்.

ஏப்ரல் 14, 2024

புத்தாண்டு அன்னிக்கு எஞ்சினோட ஹெட்டை (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கிறது) இறக்கினோம். அப்பத்தா நாள் பார்த்துக் கொடுத்தது.

மெக்கானிக் அண்ணன் போன மாசம் "எஞ்சின் தங்கம்"னாரு. ஹெட் வந்ததும் பேச்சு மாறிடுச்சு. போரோட (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் குழி) மேல் விளிம்புல நகத்தை வெச்சு மேல இழுக்கச் சொன்னாரு. நகம் படியில தட்டி நின்னுச்சு. ரிங் ஓடுற இடம் தேஞ்சு, ஓடாத மேல் பகுதி அப்படியே நிக்குது. நாலு சிலிண்டர்லயும் அதே கதை. லைனர், பிஸ்டன், ரிங் செட்டா மாத்தணும். ஹெட்டை லேத்துல ஃபேசிங் போட்டு (அடிப்பக்கத்தைச் சமமாச் சீவி) பார்க்கலாம்.

"ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முதல்ல எதைப் பார்க்கணும்"னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. பழைய டீசல்னா ஹீட்டர் ப்ளக். இந்த எஞ்சின், டீசலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்காம அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அறையில அடிக்கிற வகை, குளிர்ல ஹீட்டர் இல்லாம அடம் பிடிக்கும். நாலையும் சேர்த்து ஓடுற பட்டையைக் கழட்டிட்டு, பேட்டரி பிளஸ்லயிருந்து ஒரு டெஸ்ட் பல்பு வழியா ஒவ்வொரு ப்ளக் தலையிலயும் தொடுங்க. பல்பு எரிஞ்சா உள்ள கம்பி உயிரோட இருக்கு. எங்களுக்கு ஒண்ணுல மட்டும்தான் எரிஞ்சது. பேட்டரி போச்சு பேட்டரி போச்சுன்னு சித்தப்பா மாத்தின பேட்டரிங்களை நினைச்சா வயிறு எரியுது.

ஏப்ரல் 15, 2024

"இதுக்கெல்லாம் இப்ப சாமான் எங்க கிடைக்கும்?" கிடைக்கும். காரணம் டாட்டா சுமோ. 1994-ல சுமோ வந்தப்ப இதே 1948 சிசி எஞ்சின்தான். அதுக்கு முன்னாடி 1991-ல சியராவுக்கும், 1992-ல எஸ்டேட்டுக்கும் இதுதான். அதனால எஞ்சின் சாமான் கேட்கும்போது 207-ன்னு கேட்காதீங்க, கடைக்காரர் தலையச் சொறிவாரு. "பழைய சுமோ, 483"ன்னு கேளுங்க, அலமாரியத் திறப்பாரு.

அந்த எண் புரியாதவங்களுக்கு: முதல் 4, சிலிண்டர் எண்ணிக்கை. அடுத்த 83, போர் விட்டம் மில்லிமீட்டர்ல. லாரியோட 697-ம் அப்படித்தான்: ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர். பின்னாடி வந்த 207 டிஐ-ல இருக்கிறது 497, கிட்டத்தட்ட 3 லிட்டர். அந்தச் சாமான் இதுக்குச் சேராது. வாங்கிட்டு வந்துட்டு அழாதீங்க.

கண்ணாடி, கதவுக் கைப்பிடி, இதுக்கெல்லாம் சென்னை புதுப்பேட்டைக்குப் போறதுதான் வழி. பொறுமை வேணும், பேரம் பேசுற ஒரு ஆளும் கூட வேணும். நான் அத்தையைக் கூட்டிட்டுப் போனேன்.

மே 5, 2024

இது முக்கியம், தயவு செஞ்சு படிங்க. டைனமோ போச்சுன்னா கிடைச்ச டைனமோவை மாட்டாதீங்க. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு (நாம மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறது) வேண்டிய வேக்கத்தை, அதாவது காத்தை உறிஞ்சுற இழுப்பை, எஞ்சின் தானாக் கொடுக்காது. அதுக்குன்னு ஒரு வேக்கம் பம்ப், டைனமோவோட முதுகுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். எஞ்சின் ஆயில் ஒரு சின்னக் குழாய் வழியா அதுக்குள்ள போயிட்டு வரும். பம்ப் இல்லாத டைனமோவை மாட்டினா சார்ஜ் ஏறும், லைட் எரியும், வண்டி சமத்தா ஓடும். முதல் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்கும், வண்டி லேசுல நிக்காது.

எங்க வண்டியில ஆயில் குழாய் இத்துப்போயிருந்துச்சு. டைனமோ அடியில எப்பவும் ஆயில் கசியும், சித்தப்பா அதைத் "துடைச்சு விட்டாப் போச்சு"ன்னு பத்து வருஷம் துடைச்சிருக்காரு.

மே 26, 2024

ஒருத்தர் விடாம எழுதுறாரு: "கம்பெனியிலயிருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வரணும், இல்லைன்னா அது ரெஸ்டோரேஷனே இல்ல." முதல்ல எனக்கும் அதே எண்ணம்தான். இப்ப அவ்வளவு சுலபமாத் தெரியல.

அப்பாரு வாங்கின மாசமே பின்னாடி ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூட்டியிருக்காரு. தொட்டிக்கு ரெண்டு பக்கமும் ஆங்கிள் வெச்சு உயரம் ஏத்தியிருக்காரு. கேபினுக்குப் பின்னாடி வாழைத்தாரு சாயாம இருக்க ஒரு குறுக்குக் கம்பி. டிரைவர் சீட்டுக்கு அடியில அரிவாள் சொருகத் தோல் உறை. கம்பெனியிலயிருந்து வந்த வண்டி ஒரு மாசம்தான் இருந்துச்சு. மிச்சக் காலமெல்லாம் இருந்தது அப்பாரோட வண்டி. இதுல எதுக்குத் திரும்புறது?

சித்தப்பா கட்சி: எதையும் தொடாதே. மெக்கானிக் கட்சி: உபயோகமானதை வை. எனக்கு இன்னும் கட்சி இல்ல.

ஜூன் 16, 2024

இப்ப ஒரு கட்சி வந்துருச்சு. கீழ படுத்து சேஸை (வண்டியோட அடிச்சட்டம்) கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சப்ப, இடது பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற ஹேங்கருக்குப் பக்கத்துல முடி கனத்துக்கு ஒரு கோடு. கிரீஸ் கோடுன்னு துடைச்சேன். போகல. வெடிப்பு.

காரணம் அந்தக் கூடுதல் பட்டைதான். ஒரு டன் வண்டியில அப்பாரு ஒன்றரை, ரெண்டுன்னு ஏத்துவாரு. ஊருக்கே தெரியும், பெருமையாவும் சொல்லுவாங்க. பட்டை கூட்டினா ஸ்பிரிங் தாங்கும். சேஸ் தாங்கணும்னு யாரும் அதுகிட்டக் கேட்கல. சரக்கு இல்லாம வரும்போதும் அந்த விறைப்பு பள்ளத்துக்குப் பள்ளம் ஹேங்கரைத்தான் உதைச்சிருக்கு.

சித்தப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அன்னிக்கு ஏத்தலைன்னா உங்கப்பன் காலேஜ் போயிருக்க மாட்டான்"னாரு. அதுவும் நிஜம்தான். ஆனா நான் யாரையும் காலேஜுக்கு அனுப்ப வேண்டியதில்ல. பட்டையைக் கழட்டியாச்சு. ஆங்கிளையும் எடுத்தாச்சு, உயரம் இருந்தா ஏத்தத்தான் கை போகும். குறுக்குக் கம்பியும் அரிவாள் உறையும் அப்படியே இருக்கும்.

வெல்டிங் போடுறவங்களுக்கு: வெடிப்போட ரெண்டு முனையிலயும் சின்னதா ஓட்டை போட்டு அதை அங்கயே நிறுத்துங்க, அப்புறம் கோட்டை 'வி' மாதிரி தோண்டி வெல்டு வெச்சு, மேல ஒரு பட்டை போட்டு இறுக்குங்க. சும்மா மேலாக்கப் பூசினா வெல்டு தாங்கும், பக்கத்துல புதுசா வெடிக்கும். முன்னாடியே பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழட்டிடுங்க.

ஜூலை 7, 2024

பெயிண்ட். வெள்ளை.  அடிக்கிறதுக்கு முன்னாடி பட்டியை (பள்ளத்தை மூடப் பூசுற பசை) சுரண்டினப்ப கதவுல விரல் கனத்துக்கு வந்துச்சு. ஒவ்வொரு இடிக்கும் தகட்டைத் தட்டி எடுக்காம பட்டியை அப்பியிருக்காங்க.

நெத்தியில "தண்டாயுதபாணி துணை". ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டித் தர்றேன்னு பெயிண்டர் சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். பிரஷ் பிடிச்சு எழுதுற ஒரு பெரியவரை பக்கத்து ஊர்ல கண்டுபிடிச்சோம். இப்ப கோயில் உண்டியல், கல்யாண வண்டின்னு எப்பவாவதுதான் எழுதுறாராம். சாக்பீஸ்ல கோடு கிழிச்சுட்டு, மூச்சைப் பிடிச்சு 'ண்' வளைவை ஒரே இழுப்புல இழுத்தாரு. பின் கதவுல என்ன எழுதணும்னு கேட்டாரு. சித்தப்பா முந்திக்கிட்டு "ஒரு டன்"னு சொல்லிட்டாரு. எழுதியாச்சு.

ஆகஸ்ட் 25, 2024

எஃப்சி. புகைச் சான்றுதான் பயமா இருந்துச்சு. இது மாதிரி பழைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65-க்குள்ள இருக்கணும். டீசல் பம்பும் நாசிலும் முன்னாடியே தனிக்கடையில செட்டிங் போட்டு வந்ததால பாஸ். எஞ்சினை நல்லாச் சூடு பண்ணிட்டு, அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் அழுத்தி ஓட்டிட்டுப் போங்க. குளிர்ந்த எஞ்சினைக் காட்டினா கறுப்பாத்தான் தள்ளும்.

முதல் தடவை ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்காகத் திருப்பி அனுப்பினாங்க. ரெண்டாவது தடவை அரிவாள் உறையைப் பார்த்து ஒருத்தர் புருவத்தைத் தூக்கினாரு. வாழைக்குன்னு சொன்னேன்.

"50 வருஷம் ஆனா விண்டேஜ்னு பதிவு பண்ணலாமே"ன்னு கேட்டவருக்கு: 2021-ல வந்த அந்த விதி வியாபாரத்துக்கு ஓட்டாத வண்டிக்கு. புதுப் பதிவுக்கு 20,000 கட்டணம், 10 வருஷம் செல்லும், ஆனா தினம் ஓட்டக் கூடாது. 2046-ல வாங்க, பேசுவோம்.

நவம்பர் 9, 2024

"கார் லைசென்ஸ்ல இதை ஓட்டலாமா, பேட்ஜ் வேணுமா?" ஓட்டலாம், பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டத் தனியா வாங்குறது) வேண்டாம். 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸ்லயே (கார் மாதிரி இலகு வண்டிக்கானது) ஓட்டலாம்னு 2017-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு. அதைத் திரும்ப விசாரிச்ச அஞ்சு நீதிபதி அமர்வும் இந்த 6-ந்தேதி அதையே உறுதி பண்ணிருச்சு. 207 அதுக்குள்ள தாராளமா அடங்கும். இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தியிருக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.

லைசென்ஸ் இருந்தா மட்டும் மலை இறங்கிட முடியாது. பாச்சலூர் ரோட்டுல முதல் நாள் சித்தப்பா பக்கத்துல உட்கார்ந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு: ஏறுன கியர்லயே இறங்கு. வளைவுக்கு முன்னாடி பிரேக்கைத் தொடும்போதெல்லாம் தொடையில ஒரு தட்டு. இறங்கினதும் டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரு. கை வெக்க முடிஞ்சது. தலையாட்டினாரு.

டிசம்பர் 15, 2024

கணக்கு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எஞ்சின், பம்ப், டிங்கரிங், டயர், பிரேக், ஒயரிங், பேப்பர் எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. குட்டி யானைக்கு முன்பணம் போக மாசத் தவணை எவ்வளவுன்னு முதல் நாள் கேட்டவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். வருமானத்துல எது ஜெயிக்கும்னு கேட்டா, தினம் ஓட்டுற ஆளுக்குக் குட்டி யானைதான். ஒத்துக்கிறேன். எனக்கு வாரம் ரெண்டு லோடு, சொந்தத் தோட்டத்துச் சரக்கு. அதுக்கு இது போதும்.

அத்தை முன் சீட்டுல உட்கார்ந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஒரு ஒத்திகை பார்த்துட்டாங்க. சீட்டு கூன் விழ வைக்குதாம், ஹாரன் சத்தம் பத்தலையாம். தைப்பூசத்துக்குள்ள ரெக்சினும் ஸ்பாஞ்சும் மாத்தச் சொல்லி உத்தரவு. திண்டுக்கல் பக்கம் நல்ல சீட் வேலைக்காரர் தெரிஞ்சா சொல்லுங்க.

பழைய ஹெட் ஒண்ணு மிச்சம் இருக்கு. ஃபேசிங்ல ரொம்ப எடுக்க வேண்டி வந்ததால கடைசியில வேற ஒண்ணு போட்டோம். வெடிப்பு இல்ல, வால்வு சீட் நல்லா இருக்கு. 483 வெச்சு ஓட்டுற யாருக்காவது ஆகும்னா வந்து எடுத்துக்கங்க, காசு வேண்டாம். தூக்குறதுக்கு ரெண்டு ஆளாக் கூட்டிட்டு வாங்க.